கண்ணாடிக் கடையா, கண் டாக்டரா?

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது என் வேலை. பாலிடெக்னிக்கில் ஆப்டோமெட்ரி படித்துப் பதிவு பெற்றவள். வந்தவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால்தான் கடைக்கு வரும்படி. இருந்தாலும், "இதுக்குக் கண்ணாடி வேணாம், இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டிய ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "அக்கா, பவர் ஏறிடுச்சு போல, ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள்.

பவர் ஒரே ராத்திரியில் ஏறாது. நேற்றுவரை நன்றாகத் தெரிந்த கண்ணுக்கு இன்று தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் அநேகமாக வேறு. அதனால் லென்ஸ் பெட்டியைத் திறக்கும் முன் நான் இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? எப்போதிலிருந்து? இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தாலே எங்கே போக வேண்டும், எவ்வளவு அவசரம் என்பதில் முக்கால்வாசி முடிவாகிவிடும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

முதலில் ஒரு கண்ணை மூடுங்கள்

இரண்டு கண்ணும் ஒன்றையொன்று காப்பாற்றிக் கொடுக்கும். இடது கண் பாதி போயிருந்தாலும் வலது கண் சமாளித்துவிடும். அந்த வலது கண்ணில் ஒரு தூசி விழுந்து அதைத் தேய்க்கும்போதுதான் இடது கண் தெரியாதது தெரியவரும். வந்தவர் "இன்னைக்குத்தான் ஆரம்பிச்சுது" என்பார். பல மாதமாக இருந்திருக்கும்.

எப்போதும் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைக்க வேண்டும். விரலால் மறைத்தால் இடுக்கு வழியாகப் பார்ப்போம். கண்ணை அழுத்தவும் கூடாது, அழுத்திவிட்டு எடுத்தால் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் இருக்கும். எதிர்ச் சுவரில் கோயில் காலண்டர் இருக்குமே, அதன் தேதியைப் பாருங்கள். பார்வையை அங்கேயே நிறுத்தி, காலண்டரின் நான்கு மூலையும் தெரிகிறதா, நடுவில் ஏதாவது கறையாக மறைக்கிறதா, கோடுகள் நேராக இருக்கின்றனவா, சிவப்பு எழுத்து சிவப்பாகவே இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு மற்றக் கண். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். 40 வயதைத் தாண்டியவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. வெளியே செய்வதானால் பேருந்து நிறுத்தத்தில் நின்று வருவது 66ஆ 67ஆ என்று ஒவ்வொரு கண்ணாகப் படித்துப் பார்க்கலாம்.

ஒரு கண்ணில் மட்டும் கோளாறு என்றால் சிக்கல் அந்தக் கண்ணிலோ, அதற்குப் போகும் ரத்தக் குழாயிலோ, நரம்பிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே பக்கம் மறைந்தால் விஷயம் மூளையில். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "வலது கண்ணு தெரியல" என்பார்கள். ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கச் சொன்னால், இரண்டு கண்ணிலும் வலப்பாதிதான் இல்லை. நடக்கும்போது வலது தோள் கதவு நிலையில் இடிக்கும், தட்டில் வலப்பக்கத்து இட்லியைச் சாப்பிடாமல் விட்டிருப்பார்கள். இது திடீரென்று வந்திருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். வாய் கோணவில்லை, கை விழவில்லை என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், அறிகுறி தெரிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போவது முக்கியம்.

இரட்டையாகத் தெரிவதற்கும் இதே சோதனைதான். ஒரு கண்ணை மூடினாலும் இரண்டாகவே தெரிந்தால் கண்புரை, வறட்சி, பவர் கோளாறு என்று ஏதாவது இருக்கும், அவசரமில்லை. எந்தக் கண்ணை மூடினாலும் இரண்டு ஒன்றாகிவிடுகிறது என்றால் கண்கள் ஒரே திசையில் நிற்கவில்லை என்று அர்த்தம். கண்ணை அசைக்கும் தசையோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது வருவதுண்டு, பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகியும் விடும். ஆனால் அதை முடிவு செய்வது மருத்துவர். புதிதாக வந்த இரட்டைப் பார்வைக்கு அன்றே போய்விட வேண்டும். கூடவே ஒரு இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாவை (நடுவில் இருக்கும் கருப்பு வட்டம்) பெரிதாக இருந்தால் மூளை ரத்தக் குழாய் ஒன்று வீங்கி நரம்பை அழுத்தலாம். அது நிமிடக் கணக்கு அவசரம்.

இப்போதே கிளம்ப வேண்டியவை

வலியில்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டுபோவதுதான் இருப்பதிலேயே மோசம். வலிக்காததால்தான் மோசம் என்பேன். வலித்திருந்தால் ஓடியிருப்பார்கள். கண்ணின் பின்சுவரில் படம் விழும் படலம்தான் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் சில மணி நேரத்தில் விழித்திரை மீளாத அளவுக்குக் கெட்டுவிடும். "காலையில எழுந்தா சரியாயிடும்னு படுத்துட்டேன்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

சில நிமிடம் இருண்டு, தானாகவே தெளிந்துவிட்டால்? நம் ஆட்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதுவும் அதே அளவு கவலைப்பட வேண்டியதுதான். கழுத்து ரத்தக் குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ ஒரு சின்னக் கட்டி வந்து அடைத்துவிட்டுக் கரைந்து போயிருக்கலாம். அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம். பார்வை திரும்பிவிட்டாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். படுக்கையிலிருந்து சடாரென்று எழுந்ததும் இரண்டு கண்ணும் இருட்டிக்கொண்டு வந்து, சில நொடியில் தெளிவது வேறு. அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. அடிக்கடி வந்தால் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். 50 வயதைத் தாண்டியவருக்குப் பார்வை மங்கலோடு புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே நெற்றிப்பொட்டில் வலி, மென்றால் தாடை கடுப்பு என்று சேர்ந்து வந்தால் அதுவும் அவசரம். நம் ஆசிய மக்களிடம் அரிது, அதனாலேயே மறந்துபோகக்கூடியது.

அடுத்தது வலியோடு வருவது. கண் சிவந்து, மண்டையைப் பிளக்கும் வலி, விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் வளையம், கூடவே குமட்டல், வாந்தி. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் மூலை அடைபட்டு அழுத்தம் எகிறுவதால் இப்படி ஆகிறது. பாதரச மில்லிமீட்டர் கணக்கில் 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் 50ஐக்கூடத் தாண்டிவிடலாம். வாந்தி முன்னால் நிற்பதால் வீட்டில் 'கேஸ்ட்ரிக்' மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். வயதான அம்மா வாந்தி எடுத்துக்கொண்டு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் விளக்கைப் போட்டுக் கண்ணைப் பாருங்கள். ஒரு கண் மட்டும் சிவந்து, கருவிழி புகை படிந்த மாதிரி இருந்தால் வண்டியைப் பிடியுங்கள். தூரப்பார்வைக் (ப்ளஸ் பவர்) கண்ணாடி போடுபவர்கள், 50 தாண்டிய பெண்கள், சீனர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வருகிறது. மாமியாரோ மனைவியோ சீனராக இருக்கும் வீடுகள் இப்போது நம்மிடையே நிறைய உண்டே, சொல்லி வையுங்கள். சளிக்கும் மூக்கடைப்புக்கும் வாங்கும் சில மாத்திரைகள் பாவையை விரித்து இதைத் தூண்டிவிடலாம். நேரத்தோடு போனால் அழுத்தத்தை இறக்கி, பிறகு பாவையைச் சுற்றியுள்ள நிறப் படலத்தில் (ஐரிஸ்) லேசரால் ஒரு துளை போட்டு வழி திறந்துவிடுவார்கள். மற்றக் கண்ணுக்கும் முன்கூட்டியே அதைச் செய்வது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைப் பக்கம் வரும் கட்டுமான வேலைத் தம்பிகளுக்குத் தனியாக ஒரு பேச்சு. சிமெண்ட் காரம். கண்ணில் தெறித்தால் திராவகத்தைவிட ஆழமாக அரித்துக்கொண்டு உள்ளே போகும். சூப்பர்வைசரைத் தேடி ஓடாதீர்கள், முதலில் குழாயைத் திறங்கள். இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடமாவது தண்ணீர் ஓட வேண்டும், அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தை கண்ணில் பட்டாலும் இதேதான். கிரைண்டரில் வேலை செய்யும்போதோ, இரும்பை இரும்பால் அடிக்கும்போதோ "ஏதோ பட்டுச்சு" என்று தோன்றி, பிறகு வலி அடங்கிவிட்டால் ஏமாறாதீர்கள். பொடி அளவு சில் ஒன்று கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனால் வலி பெரிதாகத் தெரியாது. சட்டை நுனியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிட நண்பனைக் கூப்பிடாதீர்கள். தேய்க்கவும் வேண்டாம். வேலையிடத்தில் பட்ட காயத்துக்கு மருத்துவச் செலவு முதலாளியுடைய பொறுப்பு, செலவுக்குப் பயந்து விடுதியில் படுத்துக்கிடக்க வேண்டியதில்லை.

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குச் சுருக்கமாக. சிவப்பு, வலி, மங்கல் மூன்றும் சேர்ந்தால் லென்ஸைக் கழற்றுங்கள், தூக்கி எறியாமல் பெட்டியோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இங்கே லென்ஸ் போடுபவர்களிடையே பியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று பரவிக் கருவிழியைக் கெடுத்ததை எங்கள் தொழிலில் யாரும் மறக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவது, போட்டுக்கொண்டே தூங்குவது, அப்படியே நீச்சல் குளத்தில் இறங்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பூச்சியும் மின்னலும்

"கண்ணுல பூச்சி பறக்குது அக்கா" என்று வருபவர்கள்தான் அதிகம். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. மீதிப் பேருக்கு அன்று மாலைக்குள் லேசர் தேவைப்படலாம். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

கண்ணின் உள்ளே நிறைந்திருப்பது தெளிந்த ஜெல்லி. அதில் 99 விழுக்காடு தண்ணீர்தான். வயதாக ஆக ஜெல்லி நீர்த்து, அதிலுள்ள நார்கள் திரளும். அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் பூச்சி என்கிறோம். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்தால் நன்றாகத் தெரியும். கண்ணை ஓட்டினால் கூடவே ஓடும், நிறுத்தினால் மெல்ல மிதந்து இறங்கும். பல வருடமாக அதே ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம்.

50, 60 வயதில் இந்த ஜெல்லி விழித்திரையிலிருந்து பிரிந்து முன்னால் வரும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரமே நடக்கும். பிரியும்போது எங்காவது ஒட்டிக்கொண்டு இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் ஒன்றுதான். எனவே இழுபடுவதையும் வெளிச்சமாகவே காட்டும். இருட்டு அறையில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் வெட்டும். பெரும்பாலும் ஜெல்லி முழுதாகப் பிரிந்ததும் மின்னல் நின்றுவிடும். சிலருக்கு அந்த இழுப்பில் விழித்திரை கிழிந்துவிடும். திடீர்ப் பூச்சியும் மின்னலுமாக வருபவர்களில் சுமார் ஏழில் ஒருவருக்குக் கிழிசல் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஏழில் ஒருவர் நீங்களா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. என் கடையில் இருக்கும் கேமராவாலும் முடியாது. கிழிசல்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் விழும். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரிய வைத்து, மூலை முடுக்கெல்லாம் மருத்துவர் தேட வேண்டும்.

ஆகவே: புதிதாக நிறையப் பூச்சி, அல்லது மின்னல், அல்லது ஒரே கொத்தாகப் புகைக்கரி தூவியது போலப் புள்ளிகள் வந்தால் அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நிழல் திரை போல ஏறினாலோ இறங்கினாலோ, நேரே அவசரப் பிரிவுதான். கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து, ஈரச் சுவரில் ஒட்டிய தாள் உரிவது போல விழித்திரை உரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நடுப்பார்வை போவதற்கு முன் அறுவைச் சிகிச்சை நடந்தால் பலன் நன்றாக இருக்கும். நடுப்பகுதியும் உரிந்துவிட்டால் பழைய கூர்மை திரும்புவது கடினம். கிழிசலோடு நின்றிருக்கும்போதே கண்டுபிடித்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே லேசர் போட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இந்த நாட்டில் இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகத்திலேயே கிட்டப்பார்வை மிக அதிகமுள்ள இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. நம் பிள்ளைகளில் பலர் உயர்நிலைப் பள்ளி முடிப்பதற்குள் 500 டிகிரி, 600 டிகிரி (மைனஸ் 5, மைனஸ் 6 பவர்) என்று போய்விடுகிறார்கள். கிட்டப்பார்வைக் கண் நீளமான கண். நீள நீள விழித்திரை மெலிந்துகொண்டே போகும். "நான்தான் லேசிக் செஞ்சுட்டேனே, எனக்கென்ன" என்று சிலர் சொல்வார்கள். லேசிக் லேசர் சிகிச்சை முன்பக்கத்துக் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, விழித்திரைக்கான ஆபத்தும் அப்படியேதான். மருத்துவரிடம் பழைய பவரை மறக்காமல் சொல்லுங்கள். கண்புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் பந்து பட்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை பிரிந்தவர்கள் ஆகியோரும் இதே வரிசைதான்.

நீரிழிவுக்காரருக்குத் திடீரென்று கருப்பு நூலோ சிவப்பு நாடாவோ மிதந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அதுவும் அன்றே பார்க்க வேண்டியது.

இன்னொன்று, இது ஊருக்கு அடிக்கடி போய்வரும் நமக்கு அவசியம். விழித்திரை அறுவையில் சில சமயம் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். அது கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது. மேலே போகப் போக வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு, தங்கச்சி கல்யாணம் என்றெல்லாம் கண்ணிடம் சொல்லிப் பயனில்லை. டிக்கெட் இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மின்னல் என்று சொல்லி வருபவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. இவர்களுக்குத் தெரிவது ஓரத்து வெட்டு அல்ல, பளபளக்கும் வளைகோடு. ரம்பப் பல் மாதிரி நெளிந்து நெளிந்து, நடுவில் சின்னதாகத் தொடங்கி, மெல்ல அரைவட்டமாக விரிந்து, 20, 30 நிமிடத்தில் ஓரத்துக்குப் போய் மறையும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். பிறகு தலைவலி வரலாம், வராமலும் போகலாம். இது ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டம், மூளையில் நடப்பது. பயமுறுத்தும், ஆனால் கண்ணைக் கெடுக்காது. வரும்போது வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள், அது போதும். 50 வயதுக்கு மேல் முதல் தடவையாக வந்தாலோ, ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒரு கண்ணில் மட்டும் என்றாலோ, கை கால் மரத்துப்போனாலோ இந்த ஆறுதல் செல்லாது, டாக்டரிடம் போக வேண்டும்.

ஜன்னல் கம்பி வளைந்தால்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னல் கம்பியும் குளியலறைத் தரையோடும் நல்ல சோதனைக் கருவிகள். மருத்துவர்கள் கையில் கொடுக்கும் ஆம்ஸ்லர் கட்டத் தாளும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளில் ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். நேர்க்கோடு அலை போல நெளிந்தால், அல்லது நடுவில் ஒரு பகுதி அழிந்தது போல் இருந்தால், விழித்திரையின் மையத்தில் வீக்கமோ கசிவோ இருக்கலாம். வயதானவர்களுக்கு அந்த இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். கண்ணுக்குள் ஊசி போட்டு இதை அடக்குகிறார்கள். கண்ணில் ஊசியா என்று அலறாதீர்கள், மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். தாமதித்தால் அங்கே தழும்பாகிவிடும், தழும்பை ஊசி சரி செய்யாது. புதிதாகக் கோடு வளைந்தால் சில நாள்களுக்குள் பார்த்துவிட வேண்டும்.

முப்பது, நாற்பது வயது ஆண்களும் இதே புகாரோடு வருவதுண்டு. நடுவில் சாம்பல் நிற வட்டம், பொருள்கள் சற்றே சின்னதாகத் தெரியும். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கும். ஸ்டீராய்டு இதற்கு ஒரு பெரிய காரணம். "நான் ஸ்டீராய்டெல்லாம் எடுக்கறதில்லையே" என்பார்கள். தோலுக்குத் தடவும் களிம்பு, மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பெயர் தெரியாத மாத்திரை, இணையத்தில் வாங்கிய மூலிகைப் பொடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னால் விஷயம் வெளியே வரும். ரகசியமாக ஸ்டீராய்டு கலந்த இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றி சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

நிறம் வெளுத்துத் தெரிவதும் தள்ளிப்போடக் கூடாத ஒன்று. ஒரு சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது பழுப்பாகவோ வெளிறியோ தெரிந்து, கண்ணை அசைத்தால் வலியும் இருந்தால் பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு கண்ணிலும் நிறம் மங்கினால், மருந்து கொடுத்த மருத்துவரை அன்றே கேளுங்கள்.

மெதுவாக வருபவை

கண்புரையை அவசரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் விளக்கெல்லாம் பூப்பூவாக விரிந்து தெரிகிறது, இரவில் எதிரே வரும் காரின் வெளிச்சம் கூசுகிறது என்றால் கண்புரை தொடங்கியிருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு முறைப்படி போங்கள்.

இமைத்தால் தெளிந்து மறுபடி மங்குவது வறட்சி. ஏர்கான், கைத்தொலைபேசி, புகைமூட்டக் காலம் எல்லாம் அதைக் கூட்டும்.

சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் சேர்ந்து ஆடும், கண்ணின் லென்ஸ் வீங்கி வற்றுவதுதான் காரணம். ஒரு வாரத்தில் பவர் ஆடினால் நான் கண்ணாடி போட்டுக் கொடுக்க மாட்டேன், சர்க்கரையைப் பார்க்கச் சொல்வேன். நீரிழிவு விழித்திரை நோய் தொடக்கத்தில் ஒன்றையும் காட்டாது. 2007 முதல் 2009 வரை இங்கே 40 வயதைத் தாண்டிய இந்தியர்கள் 3,400 பேரிடம் நடந்த கண் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் கண் படத்தை 'நல்லாத்தானே தெரியுது' என்று தட்டிக் கழிக்காதீர்கள். அப்பா அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் அழுத்தத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் சத்தமில்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும்.

குழந்தைகள் வாய்விட்டுச் சொல்லாது. புகைப்படத்தில் ஒரு பாவை வெள்ளையாக மின்னினாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, உடனே காட்ட வேண்டும்.

இனி யாரும் கேட்கத் தயங்கும் ஒன்று. பார்வை ரொம்பவும் குறைந்துபோன பாட்டி, சோபாவில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், சுவரெல்லாம் பூப்பின்னல் என்று சொன்னால் வீட்டில் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்களையும் எனக்குத் தெரியும். 1760இல் சார்ல் பொனே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தன் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை எழுதி வைத்தார், அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. கண்ணிலிருந்து சேதி வருவது குறைந்ததும் மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. உருவங்கள் பேசாது, சத்தம் போடாது. பாட்டிக்கே அது நிஜமில்லை என்று பெரும்பாலும் தெரியும். பைத்தியம் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் வாயைத் திறக்க மாட்டார். மருத்துவரிடம் சொல்லி, கண்ணில் சரிசெய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அது நிஜமாகவே தோன்றினால், குரல்கள் கேட்டால், மறதியும் சேர்ந்திருந்தால் மூத்தோர் நல மருத்துவரும் பார்க்க வேண்டும்.

எங்கே போவது, என்ன சொல்வது

அவசரம் என்று நான் சொன்னவற்றுக்குப் பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. பக்கவாதச் சந்தேகம் என்றால் 995. சிங்கப்பூர் தேசிய கண் நிலையமும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் ஊட்ராமில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நொவீனாவில் டான் டோக் செங், மேற்கே கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, வடக்கே ஈசூனில் கூ டெக் புவாட், கிழக்கே சாங்கி பொது மருத்துவமனை ஆகியவற்றிலும் கண் பிரிவு உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் எதுவோ அதற்குப் போங்கள். அவசரமில்லாததற்குப் பலதுறை மருந்தகத்திலோ சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்ட) அட்டை ஏற்கும் மருந்தகத்திலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் நிபுணரிடம் உதவித்தொகைக் கட்டணம் கிடைக்கும். கடிதமில்லாமல் நேரே போனால் தனியார் கட்டணம்தான்.

முகப்பில் "கண் மங்கலா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். மங்கல் என்றால் வரிசையில் உட்கார வைப்பார்கள். எந்தக் கண், எப்போதிலிருந்து, திடீரென்றா, வலி உண்டா என்ற நான்கையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தால் இப்படி: "சடன் லாஸ் ஆஃப் விஷன், ரைட் ஐ, சின்ஸ் திஸ் மார்னிங், நோ பெய்ன்." பூச்சிக்கு "நியூ ஃப்ளோட்டர்ஸ் அண்ட் ஃப்ளாஷஸ்", திரைக்கு "ஷேடோ லைக் எ கர்ட்டன்". எழுதிக் காட்டினாலும் சரிதான்.

போகும் முன் கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து வாங்கி வந்து குளிர்பெட்டியில் இருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று இன்னும் கூடிவிடும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், இப்போதைய கண்ணாடி, பழைய பவர் சீட்டு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாவையை விரிய வைத்தால் பல மணி நேரம் கூசும், அருகில் உள்ளது தெரியாது. வண்டி ஓட்ட முடியாது, கருப்புக் கண்ணாடியும் கூட ஓர் ஆளும் இருந்தால் நல்லது.

பார்த்துவிட்டு, "ஜெல்லிதான் பிரிந்திருக்கிறது, கிழிசல் இல்லை" என்று சொன்னாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். கிழிசல் பிந்தியும் விழலாம், அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். அதற்குள் பூச்சி கூடினாலோ ஓரத்தில் நிழல் தட்டினாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே திரும்பிப் போங்கள்.